பழைய அம்பாசடர், பத்மினிக்கு நல்ல பிரேக்: அசலைக் கெடுக்காமல் செய்வது எப்படி?

பழைய கார் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்பது இதுதான்: பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்) போட்டுவிடலாமா? போடலாம். ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றை ஒழுங்காகச் செய்து முடித்தால் பலருக்கு டிஸ்க்கே தேவைப்படாது.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். உத்தரப்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் அடிப்படையில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பத்மினி என்பது ஃபியட் 1100. சென்னையில் தயாரான ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. மூன்றுமே 1950களின் ஐரோப்பிய வடிவமைப்பு: நான்கு சக்கரத்துக்கும் டிரம் (சுற்றும் உருளையின் உட்சுவரில், லைனர் ஒட்டிய ஷூக்கள் அழுந்தும் பிரேக்), எல்லாவற்றுக்கும் சேர்த்து பிரேக் ஆயில் போகும் ஒரே ஹைட்ராலிக் லைன், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. அந்தக் காலத்துச் சாலைக்கும் வேகத்துக்கும் அது போதும். இன்று பிரச்சினை உங்கள் வண்டியில் மட்டும் இல்லை, முன்னால் போகிற வண்டியிலும் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம், அது நிற்கிற தூரத்துக்குள் 1968 அம்பாசடர் நிற்காது. டிஸ்க் போட்டாலும் அந்த அளவுக்கு நிற்காது. அதனால் இடைவெளி விட்டு ஓட்டுவது என்ற பழக்கம் எந்த உதிரிபாகத்துக்கும் முன்னால் வர வேண்டும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது

ஸ்பானரை எடுப்பதற்கு முன் இந்த வண்டி உங்களுக்கு எதற்கு என்று யோசியுங்கள். வருடத்துக்கு இரண்டு கண்காட்சி, நடுவராக வருபவர் பானெட்டைத் திறந்து பைப் போகிற வழியைக்கூடப் பார்ப்பார் என்றால், வெளியே தெரிகிற எந்த மாற்றமும் மதிப்பெண்ணைக் குறைக்கும். குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறி இறங்க வேண்டும் என்றால் கணக்கே வேறு. மலை இறக்கத்தில் டிரம் சூடேறினால் பிடிப்பு குறைந்துகொண்டே போகும், அந்த நேரத்தில் அசல் தன்மை உங்களைக் காப்பாற்றாது. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஓட்டுகிற வண்டி நிற்க வேண்டும் என்ற பக்கம்தான். ஆனால் அதற்காகச் சேசிஸில் ஓட்டை போடுவதும், பாடியை வெட்டுவதும், கழற்றிய பழைய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றம் மட்டுமே செய்வது, அதுதான் நான் வைத்திருக்கும் கோடு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனமும் இதே திசையில்தான் பேசுகிறது: தவிர்க்க முடியாத மாற்றம் என்றால் தோற்றத்தைக் கெடுக்காமல், திரும்ப மாற்றக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய அசல் பாகம் வண்டியோடு பத்திரமாக இருக்கட்டும்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021இல் வந்த வின்டேஜ் பதிவு விதிகள், 50 வயதைத் தாண்டிய, அசல் வடிவில் பராமரிக்கப்பட்ட, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி எண் வரிசை தருகின்றன. பிரேக்கைப் பெயர் சொல்லி அதில் குறிப்பிடவில்லை. ஆனாலும் அந்தப் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால், வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. அதே மாடலின் பிற்காலத்து வண்டிக்குக் கம்பெனியே போட்ட பாகம் என்றால் விளக்கம் சொல்வதும் சுலபம்.

படி 1: என்ன கோளாறு என்று பெடலிடம் கேளுங்கள்

என்ஜினை ஓடவிடாமல், வண்டியை நிறுத்திவைத்து பெடலை மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் மேலே வருகிறதா? ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம், அட்ஜஸ்ட் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெடல் மெத்தென்று இருந்தால் லைனில் காற்று. ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்கும்போது மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பாகம்) ரப்பர் உள்ளுக்குள்ளேயே விடுகிறது. அப்படியென்றால் அன்றைக்கு வண்டியை எடுக்கவே வேண்டாம்.

ஓட்டும்போது வண்டி இடது பக்கம் இழுத்தால் புதியவர்கள் இடது சக்கரத்தைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் இடது சக்கரம்தான் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலது பக்கம் வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் சிலிண்டர்) சிக்கியிருக்கும் அல்லது லைனரில் ஆயில் ஊறியிருக்கும். இரண்டு பக்கத்தையும் கழற்றிப் பாருங்கள். பெடல் காலடியில் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது.

பிரேக் போட்டபின் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறதா? இதற்கு இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, பெடல் ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே சிறிய ஃப்ரீ பிளே (வெற்று இடைவெளி) இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பிரேக் ஆயில் டேங்குக்குத் திரும்புகிற சிறு துளை மூடியே இருக்கும், ஆயில் சூடேறி விரியும்போது பிரேக் தானாகவே இறுகும். இன்னொன்று, ரப்பர் ஹோஸ். ஒரு பட்டறையில் பழைய அம்பாசடரின் முன்பக்க ஹோஸை நெடுக்காக வெட்டிக் காட்டினார்கள். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை, கறுப்பாகப் புதிது போலவே இருந்தது. உள்ளே ரப்பர் உப்பி, வழி கிட்டத்தட்ட ஊசித் துளை அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலால் மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் போய்விடும், ஷூவின் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்போது வராது. அந்த வண்டிக்காரர் அதற்குள் வீல் சிலிண்டர், ஷூ எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருந்தார். வயது தெரியாத ஹோஸ் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

டயரையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டால் எந்த பிரேக்கும் உதவாது, சக்கரம் நின்றுவிடும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும்.

படி 2: இருக்கிற டிரம்மை முழுதாகச் சரி செய்யுங்கள்

ஜாக்கியில் மட்டும் நிறுத்தி வேலை பார்க்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம், தயவுசெய்து அதைத் தடுத்துவிடுங்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், அந்தத் துணியையும் பையில் கட்டிப் போடுங்கள்.

டிரம்மில் அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று குறித்திருக்கும், இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். லேத்துக்குக் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள், அந்த எல்லையைத் தாண்டிய டிரம்மைக் கடையவே கூடாது. மெலிந்த டிரம் சீக்கிரம் சூடேறும், வெடிக்கவும் செய்யும். கடைந்த டிரம்முக்குப் பழைய வளைவில் இருக்கும் ஷூவைப் போட்டால் நடுவில் மட்டும் தொடும், ஓரங்கள் தொடாது. லைனர் ஒட்டிக் கொடுப்பவரிடம் டிரம்மையும் சேர்த்துக் கொடுத்து, அந்த வளைவுக்கு ஷூவைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். புதிதாக டிரம் வேலை செய்த வண்டி நிற்காமல் போவதற்கு இந்த ஒரு வேலையை விட்டுவிடுவது பெரிய காரணம்.

அம்பாசடரின் முன் சக்கரத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அங்கே ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு சிலிண்டர், இரண்டு ஷூவுமே டிரம் சுற்றுகிற திசையில் இழுபட்டுத் தானாகவே இறுகும்படி அமைப்பு. அதனால்தான் பூஸ்டர் இல்லாமலே முன்னோக்கிப் போகும்போது நன்றாகப் பிடிக்கிறது, அதனால்தான் ரிவர்ஸில் மேட்டில் நிற்கும்போது பிடிப்பு குறைவாகத் தெரிகிறது. பின்னோக்கிப் பிடிக்கவில்லை என்பது கோளாறு இல்லை, அந்த அமைப்பின் குணம். ஆனால் பெயின்ட் அடிப்பதற்காக எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டும்போது, இடது பேக் பிளேட்டை (ஷூவும் சிலிண்டரும் மாட்டியிருக்கும் தகடு) வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டால் முன்னோக்கிப் போகும்போதே இந்தக் கோளாறு வந்துவிடும். புதுப்பித்து வந்த வண்டி முன்பைவிட மோசமாக நிற்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். கழற்றும்போதே 'இ', 'வ' என்று குறித்துவைத்தால் பிரச்சினையே இல்லை.

வீல் சிலிண்டரில் உள் சுவர் குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை. புது சிலிண்டர் கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்லீவ் போட்டால் அசல் வார்ப்பு வெளியே அப்படியே இருக்கும், கண்காட்சிக்காரர்களுக்கும் இது ஏற்றது.

எல்லாம் பூட்டியபின் அட்ஜஸ்டரைத் திருப்பிச் சக்கரத்தை முழுக்க இறுக்குங்கள், பெடலை ஒருமுறை அழுத்தி ஷூவை நடுவில் உட்காரவைத்து, மறுபடி இறுக்கி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் வரை மட்டும் தளர்த்துங்கள்.

படி 3: பைப், ஹோஸ், ஆயில்

ஸ்டீல் பைப் உள்ளிருந்து துருப்பிடிக்கும். நிக்கல் கலந்த செம்புப் பைப் துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது, நான் பரிந்துரைப்பது அதுதான். வெறும் செம்புப் பைப் வேண்டாம், அதிர்வில் இறுகி விரிசல் விடும். பைப் முனை மடிப்பு பழைய முனையின் வடிவத்திலேயே இருக்க வேண்டும், வேறு வகை மடிப்பை நட்டு போட்டு இறுக்கினால் இப்போது ஒழுகாமல் பின்னால் ஒழுகும்.

மரையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அம்பாசடர், ஹெரால்டு எல்லாம் அங்குல அளவு, யூ.என்.எஃப். மரை. புதுக் கார்களின் பாகங்கள் மெட்ரிக். 3/8 அங்குல நட்டு 10 மி.மீ. துளைக்குள் போய்விடும், கையால் சுற்றும்போது கொஞ்சம் ஆடும், இறுக்கினால் பிடித்தது போலவும் இருக்கும். அவசரமாக மிதிக்கிற அன்றைக்கு மரை பிய்த்துக்கொண்டு வரும். வேறு காரின் மாஸ்டர் சிலிண்டரோ காலிப்பரோ (பேடு எனும் உராய்வுத் தகடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) போடும்போது ஒவ்வொரு மரையையும் கேஜ் வைத்துப் பாருங்கள், கையால் சுற்றும்போதே ஆடினால் அது தவறான நட்டு.

பிரேக் ஆயில் டாட் 4 தரம் போதும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தபின் அது 155 வரை இறங்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டாட் 5 என்பது சிலிகோன், பெயின்ட்டைத் தொடாது, அதனால் கண்காட்சி வண்டிக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதை டாட் 4 உடன் கலக்கவே கூடாது. டாட் 5.1 சிலிகோன் அல்ல, எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். வண்டி நேராக, ஒரே சீராக நிற்கிறது என்றால், ஊருக்குள்ளும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மட்டும் ஓட்டுபவர்கள் அடுத்த படியோடு முடித்துக்கொள்ளலாம்.

படி 4: இரட்டை மாஸ்டர் சிலிண்டர்

ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்று என்னைக் கட்டிப்போட்டால் டிஸ்க்கை விட்டுவிட்டு இதைத்தான் செய்வேன். ஒற்றை லைன் வண்டியில் பின் சக்கரத்தில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும், மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். இரட்டை மாஸ்டர் சிலிண்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இதற்காகவே அமெரிக்காவில் 1968 மாடல் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, அசல் தன்மைக்கு இவ்வளவு குறைந்த விலை கொடுத்து இவ்வளவு பாதுகாப்பு வேறு எந்த மாற்றத்திலும் கிடைக்காது.

தேர்வு செய்யும்போது பிஸ்டன் விட்டத்தைப் பாருங்கள். அசலைவிடப் பெரிதானால் பெடல் கல் மாதிரி இறுகும், அதிக பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். சிறிதானால் மெதுவாக மிதித்தாலே போதும், ஆனால் பெடல் ஆழமாகப் போகும். டிரம் அப்படியே இருக்கப்போகிறது என்றால் அசல் விட்டத்துக்கு அருகிலேயே இருங்கள். பழைய மோரிஸ் பாணி வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருக்கும், இரட்டை சிலிண்டர் நீளம் அதிகம் என்பதால் அங்கே இடிக்கும். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் உட்காரும் பிராக்கெட் செய்துகொள்ளுங்கள், சேசிஸை வெட்டாதீர்கள்.

பூட்டி முடித்ததும் வண்டியை நிறுத்திவைத்தே ஒரு சோதனை: முன் லைனின் ஒரு பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) திறந்து வைத்து, குழாய் மாட்டி, பெடலை மிதியுங்கள். பெடல் இறங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடாமல் பாதியில் உறுதியாக நிற்க வேண்டும். பின் லைனிலும் இதையே செய்யுங்கள். தரை வரை போனால் அது பெயருக்குத்தான் இரட்டை. நீளம் தவறு, ராடு தவறு, எதுவென்று கண்டுபிடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

படி 5: பூஸ்டர்

பூஸ்டர் நிற்கும் தூரத்தைக் குறைக்காது, உங்கள் காலின் சிரமத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் டிஸ்க் போடப்போகிறவர்களுக்கும் தேவை. லைனின் நடுவே மாட்டுகிற தனி பூஸ்டர்கள் 1960களிலேயே துணைக்கருவியாக விற்றன, எங்கோ ஓரமாக ஒளித்துவைக்கலாம். வேலை செய்கிறதா என்று பார்க்க: என்ஜினை அணைத்து நான்கைந்து முறை பம்ப் செய்து, பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் லேசாகக் கீழே இறங்கினால் சரி.

படி 6: முன்பக்க டிஸ்க்

மலை ஏறி இறங்குபவர்கள், நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர்கள், என்ஜினை மாற்றியவர்கள், இவர்களுக்கு இது உண்மையிலேயே தேவை. எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அசல் தன்மை இருக்கிறது. கண்ணில் பட்ட புதுக் காரின் காலிப்பரைக் கொண்டுவந்து ஒட்டவைப்பதைவிட உங்கள் வண்டியின் சொந்தக் குடும்பத்தில் தேடுங்கள். இசுசு என்ஜின் வந்த பிற்காலத்து அம்பாசடர்களில் முன் டிஸ்க்கும் பூஸ்டரும் கம்பெனியிலிருந்தே வந்திருக்கின்றன, அந்த ஹப், டிஸ்க், காலிப்பர், பிராக்கெட் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுங்கள், உதிரியாகச் சேர்க்காதீர்கள். ஹெரால்டுக்கு இங்கிலாந்திலேயே முன் டிஸ்க் விருப்பத்தேர்வாக இருந்தது, அதே அடித்தளத்தில் 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு முதலிலிருந்தே டிஸ்க்தான். அதனால் ஹெரால்டில் ஸ்பிட்ஃபயர் பாகம் போடுவது அந்தக் காலத்திலேயே நடந்த மாற்றம், நடுவரிடமும் தலைநிமிர்ந்து சொல்லலாம். பத்மினிக்கு இத்தாலிய அண்ணன் ஒருவர் உண்டு: 1966இல் வந்த ஃபியட் 1100 ஆர், முன் டிஸ்க்கோடு வந்தது. இந்தியாவில் மட்டும் டிரம்மிலேயே தொடர்ந்தோம். அந்த பாகங்கள் இங்கே சுலபமாகக் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காலிப்பர் பிராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புத் தகட்டை வெட்டி வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வண்டியை நிறுத்துகிற விசை முழுக்க அந்த ஒரு துண்டின் வழியாகத்தான் போகிறது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை: டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் சிறிய வால்வு ஒன்று லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் வைத்திருக்கும். டிஸ்க் லைனில் அது இருந்தால் பேடு எப்போதும் உரசும், முன் லைனிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடக் கீழே, தரைக்கடியில் இருக்கும் வண்டியில், ஆயில் திரும்ப ஓடிவிடாமல் இருக்க டிஸ்க்குக்கு என்றே இருக்கும் மெல்லிய அழுத்த வால்வு, சுமார் 2 பி.எஸ்.ஐ., போட வேண்டும். அப்புறம், டிரம் போலத் தானாக இறுகும் குணம் டிஸ்க்குக்கு இல்லை என்பதால் பெடல் பலம் அதிகம் கேட்கும், காலிப்பர் பிஸ்டன் பெரிது என்பதால் ஆயிலும் அதிகம் கேட்கும். பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டர் அளவும் இதற்குப் பொருந்த வேண்டும். அசல் ரிம் காலிப்பரில் இடிக்காமல் சுற்றுகிறதா, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது ஹோஸ் எங்கும் இழுபடவோ உரசவோ இல்லையே என்று, சக்கரத்தைத் தொங்கவிட்டும் பாருங்கள், தரையில் இறக்கியும் பாருங்கள்.

படி 7: ஏர் எடுப்பதும் சோதனையும்

மேனுவலில் வேறு வரிசை இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்திலிருந்து லைனில் உள்ள காற்றை வெளியேற்றத் தொடங்குங்கள். டேங்கில் ஆயில் காலியாக விடாதீர்கள், வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். முடிந்ததும் ஒருவர் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். இந்த வேலையை இதற்கு முன் செய்ததே இல்லை என்றால், சாலைக்கு எடுக்கும் முன் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், நடக்கிற வேகத்தில். பிறகு ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பத்து முறை, நடுவில் ஆறவிட்டு. புது லைனரும் பேடும் இப்படித்தான் உட்காரும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டிப் பாருங்கள். முன்னால் டிஸ்க் போட்ட வண்டியில் முன் சக்கரத்துக்கு முன் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி பின்பக்கம் சுழலும், அது ஆபத்து. பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போட்டுச் சரி செய்யுங்கள், மழை ஈரத்திலும் ஒருமுறை மெதுவாகச் சோதியுங்கள்.

படி 8: பழைய பாகங்களும் காகிதங்களும்

கழற்றியவை எல்லாவற்றையும் துடைத்து, ஆயில் தடவி, எந்தச் சக்கரம், எந்தப் பக்கம் என்று அட்டை கட்டி ஒரே பெட்டியில் வையுங்கள். நட்டு போல்ட்டும் அதோடு சேர்ந்தே இருக்கட்டும், அசல் நட்டு தனியாகக் கிடைக்காது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். புதிதாகப் போட்ட சிலிண்டர், ஹோஸ், பேடு எந்த வண்டியுடையது, பாக எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். வெளியூரில் பழுதானால் அங்கிருக்கும் மெக்கானிக் அம்பாசடர் கிட்டைத் தேடிப் பயனில்லை அல்லவா? இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கிவையுங்கள்.

500 கி.மீ. ஓடியதும் எல்லா இணைப்புகளையும் மறுபடி பாருங்கள், பிராக்கெட் போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள், பின் டிரம்மின் அட்ஜஸ்டரையும் ஒருமுறை திருப்பிவிடுங்கள். புது ஷூ உட்கார்ந்தபின் இடைவெளி கூடியிருக்கும்.